வாசலில் கோலம் இல்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை!



பரீட்சை முடிந்து லீவு விட்டதும் அம்மா வீடு, சித்தி வீடு என்று கிளம்பிவிடுவோம். தை பிறந்தால் பழநிப் பாதயாத்திரை, கார்த்திகை வந்தால் சபரிமலை, நடுவில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போக ஆயிரம் காரணம் இருக்கிறது. போகிற இடத்தில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடிகிறதா? "பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேனா? பீரோ சாவியை எங்கே வைத்தேன்?" என்று மனசு வீட்டையேதான் சுற்றிச்சுற்றி வரும். வீட்டுக்காரர் கவலையில்லாமல் அரட்டை அடித்துக்கொண்டிருப்பார். கவலை நமக்குத்தான். ஏனென்றால் பீரோவில் இருப்பது நம் அம்மா அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட நகை. நம்மில் பலருக்கு நம் பேரைச் சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே சொத்து அதுதானே!

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்த ஊர்க்காரி சொல்கிறேன், பூட்டு மட்டும் வீட்டைக் காப்பாற்றிவிடாது. திருட வருகிறவன் முதலில் பார்ப்பது பூட்டை அல்ல, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதைத்தான். ஆள் இல்லை என்ற விஷயத்தை அவனுக்கு நம் வாசலே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அந்த வாசலின் வாயை எப்படி அடைப்பது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

வாசல் சொல்லும் சேதி

தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். வரிசையாகப் பத்து வீட்டில் கோலம் இருக்கிறது, ஒரு வீட்டில் மட்டும் இரண்டு நாளாக வாசல் தெளிக்கவில்லை. கேட்டில் செருகிய பேப்பர் அப்படியே இருக்கிறது. கேபிள்காரரும் டியூஷன்காரரும் போட்டுவிட்டுப் போன நோட்டீஸ் கீழே கிடக்கிறது. துளசிச் செடி வாடித் தொங்குகிறது. பட்டப் பகலில் வாசல் பல்பு எரிகிறது. போதாததற்கு வெளி கேட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு தொங்குகிறது. "இந்த வீட்டில் யாரும் இல்லை, வந்து எடுத்துக்கொள்" என்று போர்டு எழுதி மாட்டாத குறைதான்!

வாசல் பல்பை இரவு பகலாக எரியவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. இருட்டியதும் தானாக எரிந்து, விடிந்ததும் தானாக அணையும் சென்சார் பல்பு எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டால் ஆள் இருக்கிற வீடு மாதிரியே தெரியும். பால், பேப்பரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போவது நல்லதுதான். ஆனால் அதைவிட நல்லது, பக்கத்து வீட்டு அக்காவை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது. ஏனென்றால், "இந்தத் தேதி வரைக்கும் நாங்க ஊர்ல இல்லை" என்று வீடு வீடாகப் போகிறவர்களிடம் நாமே சொல்வானேன்?

எங்கள் தெருவில் ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒருத்தர் ஊருக்குப் போனால், இன்னொருத்தர் காலையில் அந்த வீட்டு வாசலையும் தெளித்து ஒரு நாலு புள்ளிக் கோலம் போட்டுவிடுவார். பேப்பரை எடுத்துவிடுவார். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிடுவார். அடுத்த மாதம் அவர் போனால் நம் முறை. காசு செலவில்லாத காவல் இது. போகும்போது ஒரு டம்ளர் காபி கொடுத்து, "அக்கா, வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று நம் செல்போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாசலில் வாழைமரம், தெருமுனையில் பிளக்ஸ் போர்டு. அதில் மணமக்கள் போட்டோ, தேதி, மண்டபத்தின் பெயர் எல்லாம் இருக்கும். முகூர்த்த நாளன்று காலையில் அந்த வீட்டில் ஈ காக்கா இருக்காது என்பது ஊருக்கே தெரியும். முதல் நாள் ராத்திரியிலிருந்து மறுநாள் மத்தியானம் வரை நம்பிக்கையான உறவுக்காரர் இரண்டு பேரை வீட்டில் இருக்க வையுங்கள். அவர்களுக்குச் சாப்பாடு மண்டபத்திலிருந்து முதல் பந்தியிலேயே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு மனஸ்தாபம்!

முன்பெல்லாம் வாசல் மட்டும்தான் சேதி சொல்லும். இப்போது செல்போனும் சொல்கிறது. "குடும்பத்துடன் கொடைக்கானலில்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். அதை யார் யார் பார்க்கிறார்கள் என்று நமக்கே முழுதாகத் தெரியாது. போட்டோவை எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

பூட்டைவிடக் கொண்டி முக்கியம்

என் மாமனார் நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். யாராவது பூட்டு வாங்க யோசனை கேட்டால், "உன் வீட்டுக் கொண்டி எப்படிம்மா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். "ஆயிரம் ரூவா பூட்டை அரை ரூவா கொண்டியில மாட்டுனா, திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். கடப்பாரையைக் கொண்டியில குடுத்து ஒரு நெம்பு. பூட்டு பூட்டினபடியே கீழ விழும்" என்பார். எவ்வளவு உண்மை! திருட்டு நடந்த பல வீடுகளில் பூட்டு முழுசாகவே கிடக்கும், கொண்டிதான் பெயர்ந்து வந்திருக்கும்.

ஆகவே, இன்றே உங்கள் வாசற்கதவைப் போய்ப் பாருங்கள். கொண்டியும் நாதாங்கியும் சின்ன ஸ்குரூவில் நிற்கிறதா? அந்த ஸ்குரூவின் தலை வெளியே தெரிகிறதா? தெரிந்தால், திருப்புளி இருந்தாலே போதும், சத்தமில்லாமல் கழற்றிவிடலாம். தச்சரைக் கூப்பிட்டு, கதவின் மறுபக்கம் வரை போகும் போல்ட் போட்டு, நட்டு உள்பக்கம் இருக்கிற மாதிரி முடுக்கச் சொல்லுங்கள். நிலையில் கறையான் அரித்திருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். உளுத்த நிலையில் எந்தக் கொண்டியும் நிற்காது.

பூட்டு வாங்கும்போது லீவர் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். பூட்டுக்குள்ளே தகடுகள் அடுக்கியிருக்கும். சாவியில் இருக்கும் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். தகடு கூடக்கூட, கள்ளச்சாவி போடுவது கஷ்டம். முடிந்தவர்கள் கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டாகப் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு சௌகரியம் என்னவென்றால், உள்ளே தாழ் போட்டிருக்கிறதா, வெளியே பூட்டிப் போயிருக்கிறார்களா என்று தெருவில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

சாவி விஷயத்துக்கு வருவோம். மிதியடிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டில், பூந்தொட்டியில், மீட்டர் பெட்டிக்குள் வைப்பது நமக்கு ரகசியம், திருடனுக்கு அது பாடம். சாவியைப் பூட்டிய வீட்டில் வைக்காமல் கையோடு கொண்டு போங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் நேரில் கொடுங்கள். வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதல் வேலையாகப் பூட்டை மாற்றிவிட வேண்டும். பழைய சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறதோ!

பின்பக்கத்தை யார் பார்ப்பது?

வாசற்கதவுக்குத் தேக்கு, பின்கதவுக்குத் தகரம் என்று கட்டிய வீடுகள் எத்தனை! மொட்டை மாடிக் கதவைப் பற்றி நினைப்பதே இல்லை. துணி காயப்போட்டு இறங்கும்போது வெறுமே சாத்திவிட்டு வருவோம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு தாண்டு தாண்டினால் வந்துவிடலாம். மாடிக் கதவுக்கு உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும். பின்கதவுக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போடலாம். எக்ஸாஸ்ட் பேன் ஓட்டை, பாத்ரூம் ஜன்னல் இரண்டுக்கும் கம்பி வைத்துவிடுங்கள். கொல்லையில் கிடக்கும் ஏணி, கடப்பாரை, மண்வெட்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்க மறக்காதீர்கள். நம் கடப்பாரையாலேயே நம் கதவை உடைக்க நாமே வசதி செய்து கொடுப்பானேன்?

வெயில் காலத்தில் காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கிறோம். ஜன்னல் ஓரம் செல்போனைச் சார்ஜ் போட்டு வைக்கக் கூடாது. கைப்பையைக் கட்டில் தலைமாட்டில் வைக்கக் கூடாது. கம்பு விட்டு இழுத்துவிடுவார்கள். ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்த பெண்ணின் கழுத்துச் சங்கிலியைக் கம்பி வழியே கைவிட்டு அறுத்துப் போனதாக எத்தனையோ செய்தி படித்திருப்போம். தலையை மாற்றி வைத்துப் படுங்கள். அம்புட்டுதான், ஒரு பைசா செலவில்லை.

காமிரா வைத்திருக்கிறோமே என்று தைரியமாக இருக்கிறவர்களுக்கும் ஒன்று. படம் பதிவாகும் பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்தால், போகும்போது அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதைக் கண்ணில் படாத இடத்தில், பூட்டுக்குள் வையுங்கள்.

நகை எங்கே, கணக்கு எங்கே?

பீரோ சாவியைப் பட்டுப்புடவை மடிப்பில், மெத்தைக்கு அடியில், பீரோ தலையில், சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறோம். நகையை அரிசி டப்பாவிலும் பருப்பு டப்பாவிலும் ஒளிக்கிறோம். வருகிறவன் முதலில் கொட்டிப் பார்ப்பதே அங்கேதான். வெளியூர் போகும்போது தேவைக்கு மேலான நகை வீட்டில் இருக்கவே கூடாது. பேங்க் லாக்கர்தான் அதற்கு இடம்.

லாக்கரைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, பேங்கில் தீ, திருட்டு, கொள்ளை நடந்தாலோ, ஊழியர் மோசடி செய்தாலோ, லாக்கர் வாடகையைப் போல 100 மடங்கு வரை பேங்க் பொறுப்பு. வருஷ வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம் ரூபாய் வரை. லாக்கரைத் திறந்தால் அன்றைக்கே நமக்கு எஸ்.எம்.எஸ். வர வேண்டும் என்பதும் விதி. ஆகவே நம் செல்போன் நம்பர் பேங்கில் சரியாக இருக்கிறதா, நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

நகையைப் பத்திரமாக வைப்பது ஒன்று, நகைக்குக் கணக்கு வைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேனியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இரண்டு ராத்திரி தங்கப் போனார்கள். திரும்பி வந்தால் கொண்டி பெயர்ந்திருக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது. மகள் கல்யாணத்துக்கென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த 11 பவுன் போய்விட்டது. அக்கா அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அவர் வீட்டுக்காரரோ ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு, "எல்லாம் உன்னாலதான்" என்று நாலு பேர் முன்னால் கத்தினார்.

போலீஸ்காரர் வந்து, "என்னென்ன நகைம்மா, ஒவ்வொண்ணும் எத்தனை கிராம், பில் இருக்கா?" என்று கேட்டபோது அக்காவால் சரியாகச் சொல்ல முடியவில்லை. "ஆரம் நாலு பவுன் இருக்கும், வளையல் ஒரு ரெண்டு பவுன் இருக்கும்" என்றார். பில்கள் எப்போதோ காணாமல் போயிருந்தன. ஐந்து மாதம் கழித்து வேறொரு கேஸில் ஆள் பிடிபட்டான். வெளி மாவட்டத்துக்காரன். பாதி நகையை உருக்கிவிட்டான். மீதியில், ஆரம் தன்னுடையதுதான் என்று அக்காவால் காட்ட முடிந்தது ஒரு பழைய கல்யாண ஆல்பத்தால். அதில் அக்கா அந்த ஆரத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். கோர்ட்டு மூலம் ஆரம் கைக்கு வந்தது. ஒரு போட்டோவின் மதிப்பு நாலு பவுன்!

ஆகவே தோழியரே, நகையை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் வைத்துப் போட்டோ எடுங்கள். எடை, வாங்கிய வருஷம், கடை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். 2023 ஏப்ரல் 1-லிருந்து கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் இருக்க வேண்டும். ஹெச்.யூ.ஐ.டி. என்பார்கள். ஒரு நகைக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. பொடி எழுத்தாக இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பில்லையும் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள். நோட்டைப் பீரோவிலேயே வைத்தால் நகையோடு அதுவும் போகும்.

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தீ, வெள்ளம் போன்றவற்றுக்கு எடுக்கும் சாதாரண பாலிசியில் பூட்டை உடைத்துத் திருடியதற்குப் பணம் வராது. திருட்டுக்கும் நகைக்கும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பகல் நேரத்து ஆசாமிகள்

பூட்டிய வீட்டுக்கு மட்டுமா ஆபத்து? மத்தியானம் நாம் தனியாக இருக்கும்போதும் வருவார்கள். "நகையைப் பாலிஷ் போட்டுத் தர்றோம்மா, முதல்ல கொலுசு குடுங்க, காசு வேணாம்" என்பார்கள். கொலுசு பளபளவென்று ஆனதும் நாம் நம்பிச் சங்கிலியைக் கழற்றுவோம். மஞ்சள் தண்ணீரில் போட்டு, "பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்க" என்று டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். திறந்தால் சங்கிலி இருக்காது, இருந்தாலும் எடை குறைந்திருக்கும். வீடு தேடி வரும் பாலிஷ் எதுவும் வேண்டவே வேண்டாம்.

கேஸ் அடுப்பு செக் பண்ண, மீட்டர் பார்க்க என்று வருகிறவர்களிடம் கிரில் கேட்டைத் திறக்காமலே அடையாள அட்டையைக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால், "அவர் சாயங்காலம் வருவார், அப்புறம் வாங்க" என்று சொல்லுங்கள். "வீட்டில் யாரும் இல்லை" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. தண்ணீர் கேட்டால் கொடுங்கள், ஆனால் கேட்டுக் கம்பி வழியாகக் கொடுங்கள். தர்மமும் ஆச்சு, ஜாக்கிரதையும் ஆச்சு.

ஊருக்குப் போகும் முன் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எத்தனை நாள், எந்த வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்க்க அது உதவும். நமக்கெதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் என்று தயங்கத் தேவையில்லை.

நடந்துவிட்டால்...

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் நடந்துவிட்டால்? ஊரிலிருந்து திரும்பும்போது கதவு திறந்திருந்தால் உள்ளே ஓடாதீர்கள். திருடன் இன்னும் உள்ளேயே இருக்கலாம். பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய், 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். பீரோவையோ சிதறிக் கிடக்கும் சாமானையோ தொடாதீர்கள், கூட்டிப் பெருக்காதீர்கள். கைரேகை அழிந்துவிடும். ராத்திரியில் ஆள் நுழைந்த சத்தம் கேட்டால் எதிர்த்து நிற்க வேண்டாம். அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு போன் செய்யுங்கள். பவுன் என்ன விலை விற்றாலும் உயிர் அதைவிட உசத்தி.

புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் ஆனாலும் கோர்ட்டு ஆனாலும் அதுதான் கேட்பார்கள்.

கடைசியாக, என் மனதை உறுத்தும் ஒன்று. மேலே சொன்ன அக்கா வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டார்கள். ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக்கு வந்தவர். இரண்டு நாள் ஸ்டேஷனுக்கு அலைந்தார். தெருவில் மற்ற இரண்டு வீட்டிலும் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியூர்க்காரன் பிடிபட்டபோது அந்த அம்மா வேறு பக்கம் குடிபோய்விட்டார். அக்காவின் ஆரம் திரும்பி வந்தது. அந்த அம்மாவின் மரியாதையை எந்தக் கோர்ட்டு திருப்பித் தரும்?

யார் மேல் சந்தேகம் என்று போலீஸ் கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லுவோம். ஏழை என்பதற்காக ஒரு பெயரைச் சொல்ல வேண்டாம். சாட்சியாக விசாரிக்க வேண்டியிருந்தால் பெண்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதை நம் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அதே மாதிரி நகை போன வீட்டுப் பெண்ணையும், "உன்னாலதான்" என்று யாரும் குத்திக் காட்ட வேண்டாம். திருடியவன் ஒருத்தன், திட்டு வாங்குவது இன்னொருத்தியா?

லீவுக்குக் கிளம்பும் முன் கொண்டியைப் பாருங்கள், நகைக்கு நோட்டுப் போடுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கோலமாவு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் தெருவில் வேறு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன், நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.